மூன்று கேஜ், மூன்று கணக்கு

மதுரை காளவாசல் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில், காற்றடிக்கும் இயந்திரம் என் கார் டயரின் காற்றழுத்தம் 33 என்றது. அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பஞ்சர் கடையில் அதே டயருக்கு 36. வீட்டுக்கு வந்து, மைத்துனர் எப்போதோ வாங்கிக் கொடுத்த, காற்றழுத்தம் அளக்கும் பேனா வடிவக் கேஜை வைத்துப் பார்த்தால் 30. எல்லாம் காலை ஏழு மணிக்குள் நடந்தது, வெயில்கூட ஏறவில்லை. மறுநாள் பஞ்சர் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "என் கேஜ் சரியாகத்தான் இருக்கும் அண்ணே, பத்து வருடமாக இதில்தான் பார்க்கிறேன்" என்றார். பத்து வருடம் என்பதுதான் சிக்கலே என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. அந்தக் கேஜ் ஒரு நாளைக்கு எத்தனை முறை தரையில் விழுகிறது என்று நின்று பார்த்தவன் நான்.

36-க்கும் 30-க்கும் இடையே ஆறு பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). இது சின்ன வித்தியாசமா, பெரிய வித்தியாசமா? என் காரின் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. நான்கு டயரும் சமமாகச் சுமக்கின்றன என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 275 கிலோ. 33 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. வகுத்துப் பார்த்தால், தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர் என்று வரும். ரப்பரின் சொந்த விறைப்பை இதில் சேர்க்கவில்லை என்றாலும் கணக்கு அதிகம் பிசகாது. நம் அஞ்சலட்டையின் பரப்பு 126. திருநெல்வேலி நான்கு வழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குடும்பம் மொத்தமும் நான்கு அஞ்சலட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. காற்று குறைந்தால் டயர் அமுங்கிப் பரப்பு கூடும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிரும். அந்த மடங்கலெல்லாம் சூடாக மாறும். கத்திரி வெயிலில் தார்ச்சாலையும் தன் பங்குக்குச் சூட்டைக் கொடுக்கும். டயர் வெடிப்பதற்கான முக்கியமான காரணங்களில் ஒன்று இதுதான். காற்று கூடினாலோ டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், பிடிமானம் குறையும், குழியில் விழுந்தால் முதுகெலும்புக்குத் தெரியும்.

சரி, கேஜ் எதை அளக்கிறது? டயருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அது காட்டுவதில்லை. உள்ளே இருப்பதிலிருந்து வெளியே நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்தைக் கழித்து, மிச்சத்தைத்தான் சொல்கிறது. பஞ்சராகி முழுவதும் இறங்கிய டயரில் கேஜ் பூச்சியம் காட்டும். ஆனால் உள்ளே காற்று இருக்கிறது, வெளியே உள்ள அதே அழுத்தத்தில்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் ஒரு முறை கேஜோடு கொடைக்கானல் போய் வரலாம். சென்ற கோடையில் மதுரையில் 33 வைத்துக்கொண்டு கிளம்பினேன்; அப்போது வெப்பம் 35 டிகிரி. மலையில் ஓர் இரவு நிறுத்தியிருந்துவிட்டு விடிகாலையில், 15 டிகிரிக் குளிரில் பார்த்தேன். குளிருக்கு அழுத்தம் குறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். கிட்டத்தட்ட அதே 33! கேஜ் ஒட்டிக்கொண்டதோ என்று தட்டிப் பார்த்தேன். கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர். இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14.5 பி.எஸ்.ஐ. ஆகவே டயருக்குள் இருந்த முழு அழுத்தம் 47.5. கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே வெளிக்காற்று 11.4 தான். வெப்பம் மாறாமல் இருந்திருந்தால் கேஜ் 36 காட்டியிருக்கும். ஆனால் வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலையோடு (மைனஸ் 273 டிகிரியைப் பூச்சியமாக வைத்து எண்ணுவது) சேர்ந்து ஏறி இறங்கும். 35 டிகிரி என்பது தனி அளவையில் 308. 15 டிகிரி என்பது 288. உள்ளே இருந்த 47.5 அந்த விகிதத்தில் 44.4 ஆகக் குறைந்தது. அதிலிருந்து 11.4 போனால், 33. மலை கொடுத்ததைக் குளிர் எடுத்துக்கொண்டது.

ஓடிச் சூடான டயரில் அளப்பதும் இதே கணக்கில்தான் நம்மை ஏமாற்றுகிறது. 35 டிகிரியில் 33 இருந்த டயர் 65 டிகிரிக்குச் சூடேறினால் 37, 38 காட்டும். "காற்று கூடுதலாக இருக்கிறது" என்று நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர், மறுநாள் காலையில் 29-இல் வண்டியை எடுக்கிறார். கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அச்சிட்ட சீட்டில் உள்ள எண் ஆறிய டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அடிப்பவர்களும் உண்டு. அது டயர் தாங்கும் உச்சம். நம் வண்டிக்கு வேண்டியது அதுவல்ல.

இனி கேஜைத் திறந்து பார்ப்போம். பேனா வடிவக் கேஜில் ஒரு சின்ன உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். வால்வில் அழுத்தியதும் காற்று பிஸ்டனைத் தள்ளும்; ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும்; இரண்டும் சமமாகும் இடம்வரை, எண் பொறித்த பட்டை வெளியே வரும். பட்டை பிஸ்டனோடு ஒட்டப்பட்டிருக்காது. அதனால் பிஸ்டன் பின்வாங்கினாலும் பட்டை எட்டிய இடத்திலேயே நின்று நமக்குக் காத்திருக்கும். மின்கலம் வேண்டாம், நூறு இருநூறு ரூபாயில் முடிந்துவிடும், சட்டைப் பையில் அடங்கும். எனக்கு இதன் மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் இதன் பகைவன் உராய்வு. புழுதியோ எண்ணெய்ப் பிசுக்கோ ஏறிவிட்டால் பிஸ்டன் திக்கும். வால்வில் கொஞ்சம் சாய்த்து வைத்தாலும் காற்று கசிந்து குறைவாகக் காட்டும்.

முள் வைத்த வட்டக் கேஜின் கதை இன்னும் சுவையானது. பாரிஸில் யூஜீன் பூர்டோன் என்ற பொறியாளர் நீராவி எஞ்சினுக்காகச் சுருள் குழாய் ஒன்றைச் செய்தபோது, வளைப்பில் குழாய் தட்டையாகிவிட்டது. ஒரு முனையை அடைத்து, உள்ளே அழுத்தம் கொடுத்து அதைப் பழையபடி உருண்டையாக்க முயன்றார். குழாய் உப்பியது, கூடவே சுருளும் பிரியத் தொடங்கியது. வேறொருவராக இருந்திருந்தால் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு குழாய் வாங்கியிருப்பார். அவர் 1849-இல் காப்புரிமை வாங்கினார். சித்திரைத் திருவிழாவில் தமுக்கம் பக்கம் விற்கும் காகித ஊதல் நினைவிருக்கிறதா? ஊதினால் சுருண்ட காகிதம் நாக்கை நீட்டும், விட்டால் மறுபடி சுருண்டுகொள்ளும். கேஜுக்குள் இருப்பது பித்தளையோ வெண்கலமோ கொண்டு செய்த அதன் அண்ணன். தட்டையான குழாய், கேள்விக்குறி போல வளைந்திருக்கும். காற்று புகுந்ததும் குழாயின் வாய் வட்டமாக முயலும். அப்போது வளைவின் வெளிச்சுவர் இன்னும் வெளியே போக வேண்டும், உட்சுவர் இன்னும் உள்ளே வர வேண்டும். அதற்கு வெளிச்சுவர் நீள வேண்டும், உட்சுவர் குறுக வேண்டும். உலோகம் அதற்கு எளிதில் இசையாது. அதைவிட வளைவைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வது அதற்குச் சுலபம். முனை நகர்வது சில மில்லிமீட்டர்தான். பல்சக்கரம் அதைப் பெருக்கி முள்ளைச் சுழற்றுகிறது. ஸ்பிரிங்கும் பிஸ்டனும் உரசிக்கொள்ளும் இடமே இல்லாததால் ஒரே அழுத்தத்துக்கு ஒரே பதில் கிடைக்கும். கீழே போட்டால்தான் வம்பு: முள் அச்சில் நழுவும், அல்லது பல் ஒன்று தாண்டும். கேஜைச் சுற்றி ரப்பர் உறை இருக்க வேண்டும் என்பது அழகுக்காக அல்ல.

டிஜிட்டல் கேஜில் நகரும் பாகமே கிடையாது. 1954-இல் சார்லஸ் ஸ்மித் என்ற இயற்பியலாளர், சிலிக்கானையும் ஜெர்மேனியத்தையும் இழுத்தாலோ அழுத்தினாலோ அவற்றின் மின்தடை வெகுவாக மாறுகிறது என்று காட்டினார். மெல்லிய சிலிக்கான் தகடு காற்றுக்கு வளைகிறது, அதில் பதித்த தடைகள் மாறுகின்றன, மின்னணுச் சில்லு அதை எண்ணாக்குகிறது. நன்றாகச் செய்யப்பட்டது உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் திரையில் 32.5 என்று புள்ளிக்குப் பின்னும் ஓர் எண் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அரை பி.எஸ்.ஐ. வரை எழுதிக் காட்டுவது வேறு, அரை பி.எஸ்.ஐ. வரை சரியாக இருப்பது வேறு. மே மாதத்தில் டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டுப் போனால் சில்லும் மின்கலமும் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

வாங்கும்போது பலர் கோட்டைவிடும் இடம் அளவு எல்லை. கேஜின் பிழையைப் பெரும்பாலும் முழு அளவின் சதவிகிதமாகச் சொல்வார்கள், காட்டும் எண்ணின் சதவிகிதமாக அல்ல. 160 வரை போகும் கேஜில் 2 சதவிகிதம் என்றால் 3.2 பி.எஸ்.ஐ.; அது 30-இல் நின்றாலும் அதே 3.2 பிழை வரலாம். 60 வரை போகும் கேஜில் அதே 2 சதவிகிதம் 1.2 தான். லாரிக்காரருக்கு 160 வேண்டும். நமக்கு அது வீண். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் 'பி' தரத்தில் முகப்பின் நடுப்பாதிக்கு 2 சதவிகிதமும், இரண்டு ஓரங்களுக்கும் 3 சதவிகிதமும் அனுமதி. முள் நடுவில் நிற்கும்போதுதான் கேஜ் நன்றாக இருக்கும் என்று பொருள். காரும் பைக்கும் வைத்திருப்பவருக்கு 60 வரை போகும் கேஜ் கச்சிதம்: 33-உம் நடுவில் விழும், பைக்கின் 25-உம் நடுவில் விழும். எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்று கேட்டால், ஐரோப்பாவில் 1986-இல் கொண்டுவந்த நெறிமுறை 4 பார் (சுமார் 58 பி.எஸ்.ஐ.) வரை 0.08 பார் என்றது, சுமார் 1.2 பி.எஸ்.ஐ. எனக்கும் அது போதும்.

துல்லியத்தைவிட நான் அதிகம் மதிப்பது ஒன்று உண்டு: சொன்னதையே சொல்வது. எப்போதும் இரண்டு கூட்டிச் சொல்லும் கேஜை வைத்துக் காலம் தள்ளிவிடலாம், இரண்டைக் கழித்தால் போயிற்று. ஒரு முறை கூட்டியும் ஒரு முறை குறைத்தும் சொல்லும் கேஜை என்ன செய்வது? கடை வாசலில் நிற்கும் நம் வண்டியிலேயே ஒரு டயரை ஐந்து முறை அளந்து பார்க்கக் கடைக்காரர் விடுகிறாரா என்று கேளுங்கள். ஐந்தும் ஒரு பி.எஸ்.ஐ.க்குள் அடங்கினால் பாதி வேலை முடிந்தது. அளக்கும்போது வால்வில் 'உஸ்' என்ற சத்தம் நிற்காமல் வந்தால், கேஜின் வாய் சரியாக உட்காரவில்லை, அதை வாங்காமல் வைத்துவிடுங்கள். கையில் பிடித்திருக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காற்றை இறக்கும் பொத்தானும், வால்வை விட்டு எடுத்த பிறகும் முள்ளை நிறுத்தி வைக்கும் வசதியும் இருந்தால் நல்லது. பின் டயருக்கு முன்னால் குனிந்து முகப்பைப் படிக்கும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

சரியான எண்ணோடு ஒப்பிட என்ன வழி? தண்ணீர்தான் பழைய நீதிபதி. ஓர் அடி உயரத் தண்ணீர் 0.433 பி.எஸ்.ஐ. தரும், 33-க்கு 76 அடி வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 170 அடி. அதன் பாதி உயரத்துக்கும் கீழேயே ஒரு குழாயைப் பிடித்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் கேஜை வைத்தால் போதும். கோயில் நிர்வாகம் சம்மதிக்காது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்யலாம். கட்டணம் கேஜின் விலையையே மிஞ்சக்கூடும். நான் செய்தது எளிமையானது. வீல் அலைன்மெண்ட் பார்க்கும் கடை ஒன்றில், அளவுத்திருத்தச் சீட்டும் தேதியும் ஒட்டிய கேஜ் ஒன்று இருந்தது. பஞ்சர் கடைக்காரரிடம் அவருடைய கேஜைக் கேட்டு வாங்கிக்கொண்டு, என் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

என் டயரில் சீட்டு ஒட்டிய கேஜ் 33 சொன்னது. பேனா 29, 32, 30, 31, 29. பஞ்சர் கடைக் கேஜ் ஐந்து முறையும் 36. காற்றை 25-க்கு இறக்கிப் பார்த்தோம். அது 28 சொன்னது. அப்போதுதான் கவனித்தேன், சும்மா இருக்கும்போதே அதன் முள் 3-இல் நிற்கிறது. என்றோ விழுந்தபோது நழுவியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பூர்டோன் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து வருடத்தைப் பற்றி நான் நினைத்தது பாதிதான் சரி.

60 வரை போகும், ரப்பர் உறை போட்ட முள் கேஜ் ஒன்றைச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். பேனா இப்போது மேசையில் காகிதக் கட்டின் மேல் கிடக்கிறது. கேஜைத் திருப்பிக் கொடுத்தபோது பஞ்சர் கடைக்காரர் கேட்டார்: "அப்படியென்றால் 33 வேண்டும் என்றால் நான் 36 வைக்க வேண்டுமா அண்ணே?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, கம்ப்ரசர் தொட்டியின் மேல் பெரிதாக எழுதினார்: 'மூணு சேர்'.