நியூ 31 என்பது ஃபைல் இல்லை, அண்ணே

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால். ஐடி சீட்டில் உட்காரக்கூட இல்லை, போன். "தம்பி, நோட்பேட்ல இருந்ததெல்லாம் காணோம். நியூ ஒண்ணுலேர்ந்து நியூ முப்பத்தொண்ணு வரைக்கும். வெள்ளையா இருக்கு."

அக்கவுண்ட்ஸ் அண்ணன்தான். அவர் நோட்பேட் என்பது நோட்பேட்++ஐ, குறிப்பு தட்டி வைக்கும் எடிட்டர். சேவ் செய்யாத டேப்புக்கு அதுவே 'நியூ 1', 'நியூ 2' என்று பெயர் போடும். 31 டேப்களில் பார்ட்டிகளின் ஜிஎஸ்டி நம்பர், பேங்க் விவரம், ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டிய குறிப்பு, மகளின் காலேஜ் ஃபீஸ் தேதி என்று சகலமும் இருந்திருக்கிறது. ஒன்றைக்கூட சேவ் செய்ததில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ரெண்டு வருஷம் இருக்கும். அதான் அதுவே ஞாபகம் வச்சுக்குதே."

இந்த வருஷம் இதே வசனத்தை ஆறாவது ஆளிடம் கேட்கிறேன். இனி போனில் விளக்க எனக்குத் தெம்பு இல்லை, எழுதிவிடுகிறேன்.

ஞாபகம் வைத்துக்கொள்வது உண்மைதான். 2014இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து, சேவ் செய்யாத டேப்பில் மாற்றம் இருந்தால் 7 விநாடிக்கு ஒருமுறை ஒரு நகல் எழுதிவைக்கும். நோட்பேட்++ஐ மூடும்போது "சேவ் பண்ணட்டுமா" என்று கேட்காது. திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். நல்ல வசதி, நானும் நம்பித்தான் வேலை செய்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி நின்றதும் நம் ஆட்களுக்கு சேவ் செய்யும் பழக்கமும் நின்றுபோனது.

என்னை அதிகம் கடுப்பேற்றுவது 'பேக்கப்' என்ற சொல். செட்டிங்ஸில் பிரிஃபரன்சஸ் போய்ப் பாருங்கள், அந்தப் பக்கத்துக்குப் பெயரே பேக்கப். அதில் இரண்டு பகுதி. மேலே இருப்பது நான் சொன்ன 7 விநாடி நகல். கீழே 'பேக்கப் ஆன் சேவ்', அதாவது சேவ் செய்யும்போது பழையதை எடுத்து வைப்பது. நீங்களாக மாற்றாவிட்டால் அது 'நன்' (None), அதாவது 'எதுவும் வேண்டாம்' என்றுதான் இருக்கும். மேலே டிக் இருப்பதைப் பார்த்துவிட்டு "பேக்கப் ஆன்ல இருக்கே சார்" என்பவர்களுக்கு: அது பேக்கப் இல்லை. ஒரே ஒரு நகல், அதுவும் நீங்கள் சேவ் செய்யும்வரைதான். சேவ் செய்ததும் அழிந்துவிடும். நேற்று எழுதியது, போன வாரம் எழுதியது என்று எதுவும் அதில் இருக்காது. ஒரு டேப்பை மட்டும் மூடினால் கேட்கும், அப்போது 'நோ' அழுத்தினால் நகலும் போச்சு. ரீசைக்கிள் பின்னில் தேடாதீர்கள், அங்கே வராது. அந்த இடத்துக்கு 'தற்காலிக நகல்' என்று பெயர் வைத்திருந்தால் எனக்குப் பாதி போன் குறைந்திருக்கும்.

சர்வரில் விம் என்ற எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்குத் தெரியும், கனெக்‌ஷன் அறுந்து மறுபடி அதே ஃபைலைத் திறந்தால் ஈ325 என்ற எச்சரிக்கையோடு ஒரு பக்கத்துக்குத் திட்டும். மீட்டெடுத்த பிறகும் ஸ்வாப் ஃபைலை, அதாவது அது எடுத்து வைத்த தற்காலிக நகலை, அதுவாக அழிக்காது. சரிபார்த்துவிட்டு நீயே அழி என்று சொல்லும். எல்லோரும் அதைச் சபிக்கிறார்கள். ஆனால் விபத்து நடந்ததை மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறதே!

இன்னொரு ஏமாற்றம்: ரைட் கிளிக் செய்து டேப்புக்குப் பெயர் மாற்றுவது. 'நியூ 31' போய் 'ஆடிட்டர்' என்று வந்ததும் ஃபைல் ஆகிவிட்டதாக நினைக்கிறார்கள். டேப்பில் இருக்கும் குட்டி பிளாப்பி படத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் சேவ் ஆகவில்லை. பெயர் என்னவாக இருந்தாலும் சரி.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ் பேட்டரியும் செத்திருந்தது. எந்தெந்த டேப் திறந்திருந்தது என்ற பட்டியலை வைத்திருக்கும் செஷன் ஃபைல் கெட்டுப்போய்விட்டது. நகல்கள் ஆப்டேட்டா (AppData) என்ற விண்டோஸ் ஃபோல்டரில், ரோமிங்குக்குள், நோட்பேட்++ ஃபோல்டரின் பேக்கப்பில் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றின் பெயரிலும் தேதியும் நேரமும் இருந்தன. 30 கிடைத்தது. கரண்ட் போகும்போது அவர் தட்டிக்கொண்டிருந்த 31ஆவதைத் திறந்தால் வரிசையாகக் கறுப்புக் கட்டம், ஒவ்வொன்றிலும் 'நல்', 'நல்', 'நல்' (NUL), அதாவது உள்ளே ஒன்றுமே இல்லை. அதுதான் ஆடிட்டர் குறிப்பு. அதை மீட்க என்னால் முடியாது. வேறு யாரும் முடியும் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு இப்படி ஆனால் முதலில் நோட்பேட்++ஐ மூடுங்கள். பத்து தடவை திறந்து திறந்து பார்ப்பதால் எதுவும் திரும்பி வராது. அந்த பேக்கப் ஃபோல்டரை முழுதாக வேறு இடத்தில் காப்பி செய்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். ஆப்டேட்டா கண்ணில் படவில்லையா? அது மறைந்திருக்கும் ஃபோல்டர். ரன் பெட்டியில் (விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் வரும்) ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில், இரண்டு சதவீதக் குறிக்கு நடுவே தட்டினால் திறக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், தயவுசெய்து, கன்ட்ரோல் எஸ். ஒரு பெயர், ஒரு ஃபோல்டர். அரை நிமிஷம் ஆகாது.

அப்புறம், அடுத்த மாதம் பழைய லேப்டாப்களை மாற்றுகிறோம். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டி டிரைவ் மூன்றையும்தான் காப்பி செய்வோம். ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் பார்த்துக்கொண்டாலும் ஆப்டேட்டா பக்கம் போகாது. எங்களிடம் மெஷினைக் கொடுக்கும் முன் நோட்பேட்++ஐ ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒரு டேப்பிலாவது சிவப்பு இருந்தால் கொடுக்காதீர்கள்.