எரிபொருள் டாங்கியை மாற்றினால் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டுமா?

துருப்பிடித்த டாங்கியைக் கழற்றிவிட்டு அதே வகை, அதே கொள்ளளவு டாங்கியைப் பூட்டுவது பழுதுபார்ப்புதான். பதிவுப் புத்தகத்தில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள எந்த விபரமும் அதனால் மாறாது. பெற்றோல் காரை எரிவாயுவுக்கு மாற்றுவதும், டீசல் எஞ்சின் பூட்டுவதும் வேறு விடயம். எரிபொருள் வகையும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் பதிந்தவை. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வாகனப் பதிவுகளை வைத்திருப்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். விபரம் மாறினால் பதிவு உரிமையாளரே அங்கே அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். கராஜில் கை வைக்குமுன் அனுமதியை விசாரியுங்கள். வேலை முடிந்தபின் மறுத்தால் செலவழித்த பணம் திரும்பாது.

காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி நட்டஈட்டை மறுக்க இடமுண்டு. கராஜ் பற்றுச்சீட்டைப் புத்தகத்தோடு வையுங்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் போதும். லொறி, பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். ஆனால் புகைப் பரிசோதனையில் தேறியதால் எரிபொருள் குழாய் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அங்கே அளப்பது புகையை மட்டும்.

மலைப்பாதையில்தான் டாங்கியின் குறை வெளிப்படும். கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது வண்டியின் மூக்கு நிமிர, எரிபொருள் பின்பக்கம் ஓடிவிடும். உள்ளே எரிபொருள் ஓடாமல் மறிக்கும் தடுப்புத் தகடு இல்லாத உள்ளூர் டாங்கி என்றால், கால்வாசி பெற்றோல் இருந்தும் கொண்டை ஊசி வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சி எஞ்சின் திணறும். டாங்கி வாங்குமுன் தட்டிப் பாருங்கள், வாய்வழியே டோர்ச் அடித்துத் தகட்டைத் தேடுங்கள்.

கூடுதலாகத் தவறுவது ஹோஸ். இன்ஜெக்ஷன் காரின் குழாயில் சாதாரணமாக 3 பார் அளவு அழுத்தம் இருக்கும். காபரேட்டர் ஹோஸ் அதைத் தாங்காது, சில மாதத்தில் வியர்த்து வெடிக்கும். ஹோஸின் மேல் இன்ஜெக்ஷன் ஹோஸுக்கான தரக்குறி ‘எஸ்ஏஈ ஜே30 ஆர்9’ (SAE J30 R9) என்று அச்சிட்டிருக்கிறதா என்று வாசித்து வாங்குங்கள். பல் வெட்டிய கிளிப் ரப்பரை அறுக்கும், உட்புறம் வழுவழுப்பான கிளிப்பைக் கேளுங்கள். டாங்கிக்குள் காற்று போக விடும் காற்றுக் குழாயை ஒருபோதும் அடைக்க வேண்டாம். பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி டாங்கி நசுங்கும்.

கழற்றுமுன் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், அழுத்தம் இறங்கும். பிறகு பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். காலி டாங்கி பத்திரம் என்று நம்பி வெல்டிங் செய்வோர் இன்னும் இருக்கிறார்கள். நிரம்பிய டாங்கியைவிட காலி டாங்கியே ஆபத்து, உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கிறது. ஓட்டை விழுந்த டாங்கியை மாற்றுங்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று: இரவுக் குளிரில் பாதி நிரம்பிய டாங்கிக்குள் நீர் படியும். வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை வடியுங்கள். புதிதாகப் பூட்டிய குழாயில் காற்று நின்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் ஏற்றம் ஏறி வந்ததும் எஞ்சினை நிறுத்தி ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் கடதாசியால் துடையுங்கள். ஈரம் பட்டால் அந்த இணைப்பைத் திரும்பப் பூட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.