நேரமில்லாதவர்களுக்கு ஏன் குரோஷே: ஊசி, நூல், ஒட்டுப்போர்வைக்குள் இருக்கும் கணக்கு

கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாகப் பின்னும் குரோஷே பழக ஆசைதான், உட்கார்ந்து செய்யத்தான் நேரமில்லை என்கிறவர்கள் இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கம் நிறையப் பேர். காலையில் பிள்ளைகளைக் கிளப்பி, வேலைக்குப் போய், வந்து, சமைத்து, டியூசனுக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால் மிஞ்சுவது அங்கே பத்து நிமிடம், இங்கே கால் மணி. அதில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறார்கள். அந்தச் சில்லறை நேரத்துக்குத் தோதான கைவேலைகள் இரண்டு உண்டு. ஒன்று குரோஷே, மற்றது துணித்துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் குயில்ட், அதாவது ஒட்டுப்போர்வை. இரண்டையும் எந்த இடத்தில் நிறுத்தினாலும் குடி முழுகிப் போகாது. ஏன் என்று பார்த்தால் அதில் நல்ல இயற்பியலும் கணக்கும் இருக்கின்றன.

முதலில் ஒரு கண்ணியை நெருங்கிப் பார்ப்போம். கொக்கி ஊசியில் ஏற்கெனவே ஒரு வளையம் இருக்கிறது. ஊசியைக் கீழ் வரிசைக் கண்ணிக்குள் விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள். திரும்பவும் நூலை மாட்டி இரண்டுக்குள்ளும் ஒரேயடியாக இழுத்துவிட்டால் மறுபடி ஒரே வளையம்தான். ஒரு கண்ணி முடிந்தது, பூட்டியும் ஆயிற்று. குரோஷே முழுக்க இப்படித்தான், முன்னால் வந்த வளையத்தைப் பின்னால் வரும் வளையம் பிடித்துக்கொள்கிறது, யாரும் பிடிக்காமல் இருப்பது கடைசி வளையம் ஒன்று மட்டுமே. இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுவதில் கதை வேறு, அங்கே ஒரு வரிசையில் 80 கண்ணி என்றால் 80-உம் திறந்தபடி ஊசியில் வரிசையாக நிற்கும், ஒன்று நழுவினால் அது கீழே கீழே இறங்கி ஏணிபோலக் கோடு விழும். பிள்ளை ஊசியை இழுத்துவிட்டால் அன்றைய வேலை போச்சு. குரோஷேயில் அடுப்பில் பால் பொங்கினாலும் அந்த ஒற்றை வளையத்தைச் சற்று நீளமாக இழுத்து ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிட்டு எழுந்து போகலாம்.

பிரிப்பதும் இதே காரணத்தால் லேசு. கடைசி வளையத்திலிருந்து நூலை இழுத்தால் மொத்தமும் சரசரவென்று கழன்று வரும், தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் வராது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வளையத்தையும் இன்னொன்று கவ்விக்கொண்டிருக்கிறது. ஆகவே புதிதாகப் பழகுகிறவருக்குப் பிழை விட்டால் செலவே இல்லை. பிரி, அதே நூலில் திரும்பச் செய். இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன்: ஸ்வெட்டர் பின்ன மெஷின் வந்து காலமாகிவிட்டது, ஆனால் அசல் குரோஷே பின்னும் மெஷின் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. குரோஷே மாதிரித் தோற்றம் தரும் மெஷின் துணிகள் உண்டு, கண்ணி அமைப்பைப் பார்த்தால் வேறு. அதனால் கடையில் குரோஷே பை ஒன்றை மலிவாகக் கண்டால், அது யாரோ ஒருவர் கையால் செய்தது என்பதையும் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, புதிதாகப் பழகுகிறவர்களின் கண்ணிகள் ஏன் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தொளதொளவென்றும் வருகின்றன? விரலில் நூல் சுற்றியிருக்கும் விதத்தைப் பாருங்கள். வளைந்த பரப்பில் நூல் சுற்றும்போது உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கலில் ஏறும். 18-ஆம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லரின் பெயரால் வழங்கும் சூத்திரம் இது. உராய்வுக் குணகம், அதாவது நூலும் விரலும் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதன் அளவு, 0.3 என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்று இழுவிசையை 6 மடங்குக்கு மேல் கூட்டும், இரண்டு சுற்று 40 மடங்குக்கு மேல். அதனால்தான் சுண்டுவிரலில் நூலை இன்னும் அரைச் சுற்றுச் சுற்றினாலே கை இறுகிப்போகிறது, குளிரில் விரல் வறண்டிருக்கும் நாளுக்கும் கை வேர்த்திருக்கும் நாளுக்கும் வித்தியாசம் தெரிகிறது. இறுக்கமாக வருகிறவர்கள் ஊசியை மாற்றுவதற்கு முன் சுற்றைக் குறைத்துப் பார்ப்பது நல்லது.

அப்புறம், கை பழகுவது என்பது மூளையில் தனி வேலை. 1953-இல் ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கருக்கு வலிப்புக்காக மூளையின் இரு பக்கத்திலும், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன் பிறகு அவருக்குப் புதிய நிகழ்ச்சிகள் எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி நட்சத்திர வடிவத்தைச் சுற்றிக் கோடு வரையச் சொன்னபோது, மொலெய்சனின் கை நாளுக்கு நாள் திருந்தியது, அதை முன்னே செய்த ஞாபகம் துளியும் இல்லாமலே. மில்னர் இதை 1962-இல் வெளியிட்டார். கைத்திறன் வேறு பாதையில் சேமிக்கப்படுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. அந்தப் பாதைக்கு ஒரே மூச்சில் நீண்ட நேரம் உட்காருவதைவிட, இடைவெளி விட்டு விட்டு, நடுவே தூங்கியும் எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவதுதான் ஒத்துவரும். ஞாயிறு முழுதும் மல்லுக்கட்டுவதைவிடத் தினம் சோறு வேகும் நேரத்தில் ஒரு வரிசை மேல்.

குரோஷே மனதுக்கு நல்லது என்று சொல்கிறார்களே? இரண்டு ஊசியில் பின்னும் 3,500-க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு 2013-இல் வந்த ஓர் ஆய்வில், அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாக உணர்வதாகச் சொன்னார்கள்தான். ஆனால் பதில் சொன்னவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள், எனவே பின்னியதால்தான் அமைதி வந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்திருக்கிறது, அது போதும்.

இப்போது வட்டம். தட்டையான வட்ட விரிப்புப் போடும்போது முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்து 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு ஆறாறாகக் கூட்டச் சொல்வார்கள். ஏன் ஆறு? ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்கு வளர்கிறது, அப்போது சுற்றளவு அதன் 2π மடங்கு, அதாவது ஏறக்குறைய 6.28 மடங்கு வளர்ந்தாக வேண்டும். முன்னே பார்த்த கட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே ஆறு. உயரமான கண்ணி போட்டால் உயரம் அகலத்தைப்போல் சுமார் இரு மடங்கு, அதற்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பை (π) இங்கே மடியில் கிடக்கிறது. கூட்டாமல் விட்டால் ஓரம் உள்ளே இழுத்துக் கிண்ணமாகும், குழந்தைக்குத் தொப்பி வேண்டுமென்றால் அதைத்தான் வேண்டுமென்றே செய்கிறோம். அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் ஓரத்துக்கு இடம் போதாமல் நெளிநெளியாகச் சுருண்டு எழும்பும்.

அந்த நெளிவைப் பழுது என்று தள்ளிவிட வேண்டாம். கணிதத்தில் அதற்கு மீவளைவுத் தளம் என்று பெயர். அதில் ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அந்தக் கோட்டைத் தொடாத கோடுகள் எத்தனை வேண்டுமானாலும் போகலாம், யூக்ளிட்டின் இணைகோட்டு விதி அங்கே செல்லாது. அமெரிக்கக் கணிதர் வில்லியம் தர்ஸ்டன் காகிதத் துண்டுகளை ஒட்டி அதற்கு மாதிரி செய்ய வழி சொன்னார், ஆனால் அவை சீக்கிரம் கிழிந்துபோகும். லாத்வியாவைச் சேர்ந்த கணிதர் டைனா டைமினா 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கொக்கி ஊசியை எடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போய், கையில் மடித்துப் பார்க்கக்கூடிய மாதிரியைச் செய்துவிட்டார். 2005-இல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் இதே உத்தியில் பவளப்பாறைகளைக் குரோஷேயில் வளர்க்கத் தொடங்கினார்கள். நாம் அதற்குக் கடல்வரை போக வேண்டியதில்லை. நுவரெலியாத் தோட்டத்துச் சலாது இலையின் ஓரத்தைப் பாருங்கள், ஓரம் நடுப்பகுதியைவிட வேகமாக வளர்ந்ததால் வந்த நெளிவு அது.

குயில்ட் பக்கம் வருவோம். இதில் வேலை கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. இன்றைக்கு வெட்டு, நாளைக்கு இரண்டு துண்டை இணை, ஒரு பெட்டிக்குள் போட்டு வை. கார்மன்ட் வெட்டுத்துண்டு, பழைய ஸ்கூல் யூனிஃபோர்ம், சேலை எல்லாம் இதற்கு ஆகும். ஆனால் வெட்டும் திசையில்தான் பாதி வெற்றி. நெய்த துணியில் நீளவாக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடும் ஒன்றுக்கொன்று நேர்க்குத்தாக நிற்கின்றன. கரையோடு நேராக இழுத்தால் நூலையே நீட்ட வேண்டும், அதனால் அசையாது. ஒரு சதுரத் துண்டை எடுத்து எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், நூல் நீளாமலே துணி நீளும், கடை வாசலில் இருக்கும் மடிப்புக் கேட் விரிந்து மடங்குவதுபோலச் சதுரங்கள் சாய்சதுரங்களாகச் சரிகின்றன. தையல்காரர்கள் கிராஸ் என்கிறது இதைத்தான். முக்கோணத் துண்டு வெட்டினால் ஒரு பக்கமாவது கிராஸில்தான் விழும், அந்தப் பக்கத்தைத் தைக்கும்போதும் அயன் பண்ணும்போதும் இழுக்கக் கூடாது, அயனை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், தேய்த்தால் அலை அலையாகிவிடும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் சதுரத்தில் தொடங்குவதே என் கட்சி.

தையல் விளிம்பையும் சும்மா நினைக்காதீர்கள். கால் அங்குலம் விடச் சொன்ன இடத்தில் 1 மில்லிமீட்டர் கூடிப்போனால் இணைப்புக்கு இரண்டு பக்கமுமாக 2 மில்லிமீட்டர் போகிறது. பத்து இணைப்பு உள்ள வரிசை 2 சென்டிமீட்டர் குட்டையாகும், பக்கத்து வரிசையோடு மூலை பொருந்தவே பொருந்தாது. புதுப் பருத்தித் துணியை முதலில் அலசிக் காய வைப்பதும் அவசியம், தறியில் இழுபட்டு நின்ற நூல் தண்ணீர் பட்டதும் தன் இயல்பான நெளிவுக்குத் திரும்புவதால் சுருக்கம் வரும். பழைய சேலை அந்தச் சுருக்கத்தை எப்போதோ முடித்துவிட்டது, அதையும் புதுத் துணியையும் அலசாமல் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையில் ஒன்று சுருங்கி மற்றது புடைக்கும்.

இவ்வளவும் எதற்கு என்றால், கதகதப்புக்கு. காற்று மேலே போகப் போக கிலோமீட்டருக்குச் சராசரி 6.5 பாகை குளிர்கிறது. கொழும்பில் ஏறக்குறைய 28 பாகை என்றால், 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் 12 பாகை குறைந்து 16 வர வேண்டும், அங்கே சராசரி வெப்பநிலையும் அதுவேதான். தை, மாசியில் மேகமில்லாத இரவு வந்தால் தரை தன் சூட்டை வானுக்கு விட்டுவிடும், விடிந்தால் பனி உறைந்து தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர்வை சூடு தருவதில்லை, நம் உடம்புச் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. அந்த வேலையைச் செய்வது துணிக்குள் அசையாமல் மாட்டிக்கொண்ட காற்று. தண்ணீர் சூட்டைக் கடத்தும் அளவில் சுமார் 24-இல் ஒரு பங்கைத்தான் அசையாக் காற்று கடத்தும். குயில்டில் பஞ்சு காற்றை அடைத்துப் பிடித்திருக்கிறது, மேலே ஓடும் தையல் பஞ்சு நகராமல் காக்கிறது, ஆனால் தையல் ஓடிய கோட்டில் பஞ்சு நசுங்கி அந்த இடம் மெலிந்து சூடு கசியும். அதனால் அழகுக்காக நெருக்கி நெருக்கித் தைத்த போர்வை சுவரில் மாட்ட நல்லது, படுக்கைக்கு அகலமாகத் தைத்ததே மேல். குரோஷேப் போர்வையில் காற்று நிறையத் தங்கும், ஆனால் ஓட்டை வழியாகக் காற்றோட்டம் வந்தால் அத்தனையும் வீண். அதன் மேலே நெருக்கமாக நெய்த ஒரு பெட்ஷீட்டைப் போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். 'கீழேயா மேலேயா' என்று யாராவது கேட்டால் பெட்ஷீட்தான் மேலே.

நூலைப் பொறுத்தவரை, கடையில் ஊல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக். ஆட்டு ரோமக் கம்பளி தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததுபோலத் தெரியாது, உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். ஆனால் இழையின் மேல் செதில்கள் இருப்பதால் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அட்டைபோலாகிவிடும். அக்ரிலிக் ஈரத்தை அதிகம் குடிப்பதில்லை, துணி ஒரு வாரம் காயாத மழைக்காலத்தில் அது பெரிய வசதி, பூஞ்சணமும் குறைவு. சூடான அயன் மட்டும் ஆகாது, இழை இளகிக் கண்ணி துவண்டுவிட்டால் பழையபடி நிமிராது. பழக 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசியும் வெளிர்நிற நூலும் எடுங்கள், இரவு பல்ப் வெளிச்சத்தில் கறுப்பு நூலில் கண்ணியைத் தேடுவது வீண் தலைவலி.

துவைத்த குரோஷேப் போர்வையைக் கொடியில் தொங்கவிடாதீர்கள். நெய்த துணியில் நூல் கிட்டத்தட்ட நேராக ஓடுகிறது, கண்ணியிலோ வளைந்து வளைந்து போகிறது, தண்ணீரின் பாரம் இழுத்தால் வளைவுகள் நிமிர்ந்து போர்வை முழங்கால் நீளத்துக்கு இறங்கிவிடும். ஒரு துவாயில் சுருட்டி நீரை அழுத்தி எடுத்துவிட்டு, பாயிலோ மேசையிலோ விரித்து, ஓரங்களைக் கையால் சரிசெய்து காய விடுங்கள்.