கண்ணுக்குத் தெரியாத கிளிப்: உங்கள் பிள்ளைக்குச் சரிவருமா?

“வெளியில தெரியாத கிளிப் ஒண்டு இருக்காமே டொக்டர், மகளுக்கு அதையே போட்டுருவமா?” ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள்.

போடலாம், எல்லாப் பிள்ளைக்கும் அல்ல. பற்கள் கொஞ்சம் நெருக்கியடித்தோ இடைவெளி விட்டோ இருந்தால், அலைனர் எனப்படும் இந்தத் தெரியாத கிளிப் நல்ல பலன் தரும். ஆனால் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நான் கேட்பேன்.

அலைனர் என்பது கழற்றி மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஓர் உறை பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீற்றர்தான் நகர்த்தும். ஒன்றிரண்டு வாரத்துக்கொரு முறை அடுத்ததை மாற்ற வேண்டும். நாளுக்கு 20 முதல் 22 மணித்தியாலம் அது வாயில் இருக்க வேண்டும். 22 என்றே வைத்துக்கொள்வோம். காலையில் ரொட்டியும் சம்பலும் 20 நிமிடம், பாடசாலை இடைவேளை 20, வீடு வந்து சோறு 30, பின்னேரத் தேத்தண்ணியும் பணிஸும் 20, இராச்சாப்பாடு 30. இரண்டு மணித்தியாலமும் முடிந்தது. பல் துலக்கும் நேரத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. டியூசன் விட்டு வரும்போது ஒரு வடை சாப்பிட்டாலும் கணக்கு உதைக்கும்.

நம் பக்கத்தில் பெரிய சிக்கல் தேத்தண்ணிதான். இந்தக் குளிரில் வேண்டாமென்று எந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியும்? ஆனால் உறையோடு சீனி போட்ட பிளேன்டீ குடித்தால், அந்தச் சீனி உறைக்கும் பல்லுக்கும் நடுவே தேங்கிவிடும். உமிழ்நீர் உள்ளே போய்க் கழுவ வழியில்லை. பல் சொத்தையாகும். சூட்டில் உறையும் நெளியும். உறையோடு குடிக்க ஏற்றது வெறும் தண்ணீர் மட்டுமே.

ஒழுங்காகப் போடாததை மறைக்கவும் முடியாது. உறையை மாட்டிப் பார்த்தால் முன்பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வெளி தெரியும். அப்படியே அடுத்த உறைக்குப் போனால் அந்த வெளி இன்னும் கூடும். கண்டீனில் டிஷுவில் சுற்றிவைத்து, குப்பையோடு போய்விடும் உறைகளும் உண்டு. பெட்டியில் வைக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்குப் பல்லில் ஒட்டும் கம்பிக் கிளிப்தான் பாதுகாப்பு. அது கழன்றால் மறுபடி பஸ் ஏற வேண்டும் என்பதும் உண்மைதான்; தூரத்துக் குடும்பங்களுக்கு அலைனரில் உள்ள வசதி, அந்த அவசரப் பயணம் குறைவு.

வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். கீழ்த்தாடை பின்தங்கி மேற்பற்கள் துருத்தி நிற்கும் பிள்ளைக்கு, உயரம் வேகமாகக் கூடும் வயதிலேயே தாடைக்கான வேறு கருவி தேவைப்படலாம். பெண்பிள்ளைகளுக்கு அந்த வயது முந்தி வரும், காத்திருந்தால் கைநழுவிவிடும். 13 வயதாகியும் மேல் வேட்டைப்பல் வெளியே வரவில்லையென்றால், எந்தக் கிளிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

எக்ஸ்ரேயே இல்லாமல், வீட்டில் அச்செடுத்து அனுப்பி உறை வரவழைக்கும் முறையை வளரும் பிள்ளைக்குத் தயவுசெய்து நாடாதீர்கள். அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல் டிரெக்ட் கிளப் என்ற நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையில் பாதி வழியில் இருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் பற்சீரமைப்புப் பிரிவு இருக்கிறது. அங்கே காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

தனியாரிடம் போவதானால், சிகிச்சை முடிந்தபின் இரவில் போடும் ரிட்டெயினரும் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதைப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.