கையில் இருப்பது சிஎஸ்ஆரா, எஃப்ஐஆரா?

எங்கள் தெருக்காரர் ஒருவரின் பைக் வீட்டு வாசலிலேயே திருடு போனது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார், ரசீது வாங்கினார், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இரண்டு மாதம் இருந்துவிட்டார். இன்சூரன்ஸ் ஆபீஸில் அந்தக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சிஎஸ்ஆர் சார், எஃப்ஐஆர் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் சிஎஸ்ஆர் என்றால் சமுதாயப் பணிப் பதிவேடு. பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது அது, அவ்வளவுதான். வழக்கு கிடையாது. எஃப்ஐஆர் என்றால் குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவு இருக்கும், நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். காகிதத்தை வாங்கியதும் ஸ்டேஷன் வாசலிலேயே நின்று குற்ற எண், சட்டப் பிரிவு இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் புகார் கொடுத்தால் வரும் எண்ணும் எஃப்ஐஆர் எண் இல்லை.

பெரிய பொறி ஒரு சொல்லில் இருக்கிறது. "திருடு போனதுன்னு எழுதினா கோர்ட்டு கேஸுன்னு அலையணும், காணாமப் போச்சுன்னு எழுதுங்க" என்று அன்பாகச் சொல்வார்கள். எழுதாதீர்கள். காணாமல் போனது குற்றமே இல்லை, ஆகவே வழக்கும் இல்லை, உங்கள் கையெழுத்தோடு நீங்களே கதவைச் சாத்திவிட்டீர்கள். நிஜமாகவே லைசென்ஸோ மார்க் ஷீட்டோ தொலைந்திருந்தால் அது வேறு, அதற்கு ஸ்டேஷனுக்கே போக வேண்டாம், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது "இது எங்க லிமிட் இல்லை". 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. வாயால் சொன்னால் அவர்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இணைய வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம், ஜெராக்ஸ் காசு என்று யாராவது கேட்டால் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

"விசாரிச்சிட்டுத்தான் போடுவோம்" என்பதும் பாதி உண்மை. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டிஎஸ்பி அனுமதியோடு முதற்கட்ட விசாரணை நடத்தலாம், ஆனால் 14 நாளில் முடிக்க வேண்டும். அந்த அனுமதி வாங்கியாயிற்றா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனியே மாறும்.

விசாரணைக்கு வா என்று கூப்பிட்டு பெண்களையும், 60 வயது தாண்டியவர்களையும், உடல்நலம் மிகவும் மோசமாக இருப்பவர்களையும் ஸ்டேஷன் பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார வைக்கிறார்கள். இவர்களை வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் (அதே சட்டத்தின் 179-வது பிரிவு). போனில் கூப்பிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

சரி, அப்படியும் பதிய மறுத்தால்? ரைட்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, "ஐயா பந்தோபஸ்துல இருக்கார், நாளைக்கு வாங்க" என்பதுதான் பதிலாக வரும். அதே புகாரை எஸ்பிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு. தபால் ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் அதற்கும் அசையாமல் நீங்கள் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடும்போது, முதலில் எஸ்பிக்கு அனுப்பினாயா என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் தெருக்காரருக்கு எஸ்பிக்குத் தபால் போன பிறகு எஃப்ஐஆர் கிடைத்தது. இப்போது இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு மாதத் தாமதம் ஏன் என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பதிலோடு அந்தப் பழைய சிஎஸ்ஆர் ரசீதைத்தான் இணைத்திருக்கிறார், திருடு போன மறுநாள் தேதி அதில்தான் இருக்கிறது.