பரிவுக் கண்ணழற்சி

ஒரு கண்ணில் காயம் பட்டால் மற்றக் கண்ணையும் தாக்கும் நோய் பரிவுக் கண்ணழற்சி. ‘ஒஃப்தால்மி சேம்பத்திக்’ என்பது இந்நோயின் பிரெஞ்சுப் பெயர். மொரிஷியஸில் கிரியோலும் பிரெஞ்சும் பேசி வளர்ந்த தமிழருக்கு ‘சேம்பத்திக்’ என்றால் இனிமையாகப் பழகுபவர். கண்ணைப் பறிக்கக்கூடிய நோய்க்கு அந்தப் பெயர் பொருந்தவே இல்லை.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘சின்’ என்றால் உடன், ‘பாத்தோஸ்’ என்றால் துன்பம். ஓர் உறுப்பு துன்புற்றால் இன்னோர் உறுப்பும் சேர்ந்து துன்புறும் என்பது பழைய மருத்துவர்களின் எண்ணம். 1840-இல் கிளாஸ்கோ கண் மருத்துவர் வில்லியம் மெக்கன்சி இந்நோயை விரிவாக எழுதிய பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

உண்மையில் நடப்பது வேறு. கண்ணின் உட்புறத்துப் புரதங்களில் சில, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அறிமுகமாகாமலே இருப்பவை. ஒரு கண்ணைக் கம்பியோ கத்தியோ துளைத்தால் அவை வெளிப்படுகின்றன. எதிர்ப்பு அணுக்கள் அவற்றை அந்நியமாகக் கருதி, அதே புரதம் உள்ள நல்ல கண்ணையும் சேர்த்துத் தாக்குகின்றன. கண் அறுவைக்குப் பிறகும் அரிதாக இப்படி நேர்வதுண்டு. பெரும்பாலும் ஓராண்டுக்குள் தொடங்கிவிடும். பல பத்தாண்டுகள் கழித்து வந்ததும் பதிவாகியிருக்கிறது. பிரான்சில் 1812-இல், பின்னாளில் பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலின் ஒரு கண்ணில், அவருக்கு மூன்று வயதிருக்கையில், தந்தையின் பட்டறை ஊசி குத்தியது. ஐந்து வயதுக்குள் இரு கண்ணும் போயின. இந்நோய்தான் காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

தமிழில் ‘பரிவுக் கண்ணழற்சி’ என்பது நேர்ச்சொல். பரிவு நரம்பு என்று பாடநூல்கள் எழுதும் அதே பரிவு. ‘அழற்சி’ மிக நல்ல சொல். அழல் என்றால் நெருப்பு, சிவப்பும் எரிச்சலும் அதிலேயே இருக்கின்றன. ‘பரிவு’தான் இடறுகிறது, கேட்பவருக்கு அன்பு என்றே படும். ‘இணைக்கண் அழற்சி’ என்பதே என் தேர்வு. ஒரு கண்ணின் காயம் அதன் இணையையும் எரிக்கும் என்று கரும்புத் தோட்டத்துப் பாட்டிக்கும் அது புரியும்.

நோய் அரிதுதான். ஆனால் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்கினால் பல நேரம் பார்வையைக் காப்பாற்றலாம். ஒரு கண்ணில் பழைய காயம் இருந்து, மற்றக் கண்ணில் வெளிச்சம் கூசினாலோ, கிட்டத்து எழுத்து மங்கினாலோ, சிவந்து வலித்தாலோ அன்றைக்கே போங்கள். கண் மருத்துவமனையோ வேறெந்த மருத்துவமனையோ, எங்கே போனாலும் அந்தப் பழைய காயத்தை முதலில் சொல்லுங்கள், முப்பது வருஷம் ஆகியிருந்தாலும்.