24 மணி நேரம் காத்திருக்கச் சொன்னது யார்?

பினாங்கு மலைப் பாதைகளில் பயணிகளை அழைத்துச் செல்வது என் தொழில். போன வாரம் வீட்டில் ஒரு த்ரில்லர் படம் பார்த்தோம். தனியாக மலையேறப் போன வெளிநாட்டுப் பயணி திரும்பவில்லை. ஆரம்பம் அருமை. பிறகு, புகார் கொடுக்க வந்த தங்கையிடம் போலீஸ்காரர், "24 மணி நேரம் ஆகட்டும், அப்புறம் வாங்க" என்கிறார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த காட்சி மறுநாள் காலை. காட்டில் அவர் தனியாகக் கிடந்த அந்த இரவு படத்திலேயே இல்லை. அதற்குப் பிறகு வந்த வில்லனும் திருப்பங்களும் என் மனதில் ஒட்டவில்லை.

மலேசியாவில் அப்படி ஒரு விதி கிடையாது. வரவேண்டிய நேரத்துக்கு ஆள் வரவில்லை என்றால் அப்போதே, எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 999-ஐ அழைத்தால் போலீசுக்கோ, போம்பா எனப்படும் தீயணைப்பு மீட்புப் படைக்கோ இணைப்புத் தருவார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் தண்ணீர்மலைக் கோவிலின் 513 படிகள் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, அதே சாலையிலுள்ள மூன் கேட் என்ற மலைப்பாதை வாசல் வழியாகத் தனியே மலையேறினார். இரவாகியும் வரவில்லை. தங்கியிருந்த விடுதியில், "24 மணி நேரம் ஆகாம போலீஸ் எடுக்க மாட்டாங்க, நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஊரிலிருந்த அவர் அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். யார் யாரையோ கேட்டு அந்த அம்மா என்னைப் பிடித்தபோது இங்கே மணி பத்து. "அண்ணா, தம்பி இன்னும் வரலீங்க" என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

வழி தவறியவர் பெரும்பாலும் ஓரிடத்தில் உட்கார மாட்டார். நடந்துகொண்டே இருப்பார். அவர் போயிருக்கக்கூடிய தூரம் இரண்டு மடங்கானால், நாங்கள் தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்கு. மரங்களுக்கடியில் சூரியன் மறையும் முன்பே இருட்டிவிடும். நனைந்த சட்டையோடு கிடந்தால், நம் வெப்ப நாட்டிலும் உடம்பு விறைக்கும்.

முதலில் 999-ஐ அழைக்கச் சொன்னேன். பிறகு, "கடைசியா என்ன படம் அனுப்பினார்?" என்று கேட்டேன். அக்கா, தம்பியின் முகம் தெரியும் படங்களையே தேடிக்கொண்டிருந்தார். மாலை நான்கு மணிக்கு வந்த ஒரு படத்தில் முகமே இல்லை. ஆனால் நடையர்கள் தேநீர் குடிக்கும் 84-ஆம் நிறுத்தம் தெரிந்தது. தேடல் அங்கிருந்து தொடங்கியது. விடிவதற்குள் தம்பியைக் கண்டுபிடித்தோம். ஓர் ஓடைக்கரையில், கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

"தண்ணிச் சத்தம் கேட்டுச்சுங்கண்ணா, கீழ ஆளுங்க இருப்பாங்கன்னு இறங்கிட்டேன்."

பலரும் இப்படித்தான் இறங்குகிறார்கள். ஓடை சில இடங்களில் பாறையிலிருந்து செங்குத்தாக விழும், இருட்டில் தெரியாது. வழி தவறியது புரிந்ததும் நின்றுவிடுங்கள். விசில் இருந்தால் மும்மூன்று தடவையாக ஊதுங்கள். போன் சார்ஜைக் காப்பாற்றுங்கள். புறப்படும்போதே எந்த வாசல், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவருக்கு எழுதி, சட்டையும் காலணியின் அடிப்பாகமும் தெரிய இரண்டு படம் அனுப்புங்கள். அந்தக் காலடித் தடம் எங்களுக்குப் பெரிய உதவி.

விடுதி நடத்தும் அண்ணன்மாரே, அக்காமாரே, மலைக்குப் போகும் விருந்தாளி சொன்ன நேரத்தைச் சாவிப் பலகையில் எழுதிவையுங்கள். அந்த நேரம் தாண்டினால் அவருக்குப் போன் போடுங்கள். எடுக்காவிட்டால் 999.